முட்டை வாங்காத மாதத்தில் முட்டை நாற்றம்

புரட்டாசி மாதம். வீட்டில் முட்டை வாங்கியே மூன்று வாரம் ஆகியிருந்தது. திருப்பதி போய்விட்டு, வழியில் நாத்தனார் வீட்டிலும் தங்கிவிட்டு, ஆறு நாள் கழித்து வீடு திரும்பினோம். பையன்தான் முதலில் குளிக்கப் போனான். போன வேகத்தில் துண்டோடு வெளியே வந்து, "அம்மா, வெந்நீர்ல யாரோ கூமுட்டையை உடைச்சு ஊத்திட்டாங்க" என்றான். இந்த மாதத்தில் அந்தப் பேச்சை ஏன் எடுக்கிறாய் என்று அத்தை அவனைத்தான் திட்டினார். நான் போய்க் குழாயைத் திறந்தேன். அவன் சொன்னது சரிதான்.

எங்கள் வீடு சென்னையின் தென் புறநகரில் இருக்கிறது. மாமனார் 1980களில் கட்டியது. பின்பக்கம் உறைக் கிணறு. 5 அடி விட்டம், 30 அடி ஆழம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் கேன். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கிணற்றைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்பதில் அத்தைக்குப் பெருமை. அதனால் நாற்றம் என்று நான் சொன்னதும் அவருக்கு என் மேல்தான் கோபம்.

உண்மையில் அதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. ஆடியில் பாலிஷ் போட்டு வாங்கிய என் வெள்ளிக் கொலுசு ஆவணிக்குள் கருத்துவிட்டது. உடம்புச் சூடு என்றார்கள், நானும் நம்பினேன். தண்ணீரிலும் காற்றிலும் கந்தக வாயு கலந்திருந்தால் வெள்ளி கருக்கும், செம்பும் பித்தளையும்கூடக் கருக்கும். அந்த வருடம் பூஜைச் சாமான்களை வாரத்துக்கு இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்காமல் நான் செய்தது, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவரை வீட்டுக்கு வரச் சொன்னது. அவர் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை வைத்து பிளக்கைச் செருகினார். ஒரே நிமிடத்தில் எங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகக் கசடு திரண்டு மேலே வந்தது. அவருடையது அப்படியே பளிங்கு மாதிரி நின்றது. "இதைத்தான் குழந்தை தலையில ஊத்தறீங்க மேடம்" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அந்த வித்தையின் சங்கதி பின்னால்தான் தெரிந்தது. கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் இரும்புக் கம்பிதான் கரைந்து துருவாக வந்தது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் ஓடாது, அதனால் கரையாது. நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் இதே கூத்துதான் நடக்கும். அவர் கையில் வைத்திருந்த டிடிஎஸ் மீட்டருக்கும் நாற்றத்துக்கும்கூடச் சம்பந்தமில்லை. அது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் காட்டும். முட்டை நாற்றம் தருவது ஒரு வாயு. அந்த வாயு ஆர்ஓ சவ்வுக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும்.

நல்லவேளை, ஆர்ஓ வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் கார்பன் ஃபில்டர் மாட்டினோம். 22,000 ரூபாய். ஒன்றரை மாதம் நாற்றம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஃபில்டரே நாறியது. கரி தன்னால் முடிந்த மட்டும் உறிஞ்சி நிறைந்துவிட்டால், கிருமி குடியிருக்க நல்ல இடமாக மாறிவிடும்.

அதற்குள் ஐப்பசி வந்து மழை பிடித்துக்கொண்டது. இப்போது கீசர் தண்ணீர் மட்டுமில்லை, பச்சைத் தண்ணீரும் நாறியது. ஆனால் இது முட்டை நாற்றம் இல்லை, சாக்கடை நாற்றம். இரண்டும் வேறு வேறு நாற்றம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. "தண்ணி நாறுது", அவ்வளவுதான் என் கணக்கு.

மளிகைக் கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து, பாக்கெட்டைப் பிரித்துக் கிணற்றுக்குள் அப்படியே கொட்டினேன். அளவும் தெரியாது, பாக்கெட் எத்தனை மாதப் பழசு என்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சாக்கடை வாடையோடு நீச்சல்குளம் மாதிரி ஒரு காரமும் சேர்ந்துகொண்டது. கண் எரிந்தது. கழிவுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அதிலேயே செலவாகிவிடும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

அதே வாரம் இன்னொரு பெரிய தப்பும் செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் அப்போதுதான் மாடி எடுத்துக் கட்டி முடித்திருந்தார்கள். அவர்கள் செப்டிக் டேங்க் எங்கள் மதிலை ஒட்டி இருக்கிறது. வேறெங்கிருந்து வரும்? மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "உங்க வீட்டுக் கழிவு எங்க கிணத்துல இறங்குதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். கார்த்திகை தீபத்துக்கு வழக்கமாக வரும் பொரி உருண்டை அந்த வருடம் வரவில்லை.

என் பள்ளித் தோழி ஒருத்தி வேதியியல் ஆசிரியை. போனில் புலம்பியபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் குழாய்ல நாறுது? எப்போ நாறுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "அது தெரியாமலா இவ்வளவு செலவு பண்ணே?" என்றாள்.

அவள் சொன்னபடி மறுநாள் விடிவதற்கு முன், வீட்டில் யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், மூடி போட்ட ஐந்து பாட்டில்களில் பாதிப் பாதி தண்ணீர் பிடித்தேன். நேராகக் கிணற்றிலிருந்து வாளியில் சேந்தியது ஒன்று. மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீர் ஒன்று. மாடித் தொட்டியிலிருந்து ஒன்று. குளியலறைப் பச்சைத் தண்ணீர், கீசர் தண்ணீர். பாட்டிலில் நம்பர் எழுதிவிட்டு எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். குளியலறைக்குள் நின்று மோந்தால் தரைச் சாக்கடையின் வாடையைத் தண்ணீர் மேல் போட்டுவிடுவோம். மூடியை இறுக்கிக் குலுக்கி, திறந்த உடனே மூக்கருகில் வைக்க வேண்டும். இன்னொன்று, மோப்பம் பிடிப்பவர் அந்த வீட்டில் இருப்பவராக இருக்கக் கூடாது. மூக்கு பழகிவிடும். காலையில் பால் போட வந்த பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், ஆனாலும் மோந்தான்.

கீசர் தண்ணீரை அவனால் ஒரு நொடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை. "முட்டை." கிணற்றுத் தண்ணீரில், "கால்வா வாடைக்கா." மாடித் தொட்டியில் அதே வாடை, கொஞ்சம் குறைவாக. ஆக நாற்றம் ஒன்றில்லை, இரண்டு.

கீசர் விஷயம் சுலபமாக முடிந்தது. உள்ளே இருக்கும் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மக்னீசியத் தண்டு வைத்திருப்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவது அதன் வேலை. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியா, தண்ணீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற முட்டை நாற்ற வாயுவை விடும். மக்னீசியம் கரையும் இடம் அதற்கு ரொம்பத் தோதான இடம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. நாங்கள் மலையில் வரிசையில் நின்ற நாட்கள் எல்லாம் அதற்கு விருந்து. பிளம்பர் கழற்றிக் காட்டியபோது தண்டு போய் வெறும் கம்பிதான் மிச்சம் இருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கை மண்டி. "தண்டே வேணாம், அடைச்சிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் நாற்றம் போகும், சீக்கிரமே தொட்டியும் ஓட்டையாகிவிடும். கழுவி, புதுத் தண்டு போட்டு, சூட்டை முழு அளவுக்கு வைத்து ஓர் இரவு விட்டுத் தண்ணீரை வடித்துவிட்டோம். அன்றைக்குப் பையனைக் குழாய் பக்கம் விடவில்லை, கொதிக்கிற தண்ணீர்.

கிணறுதான் சோதனை. தோழி சொன்னதில் எனக்கு உபயோகமான வார்த்தை, "மருந்து போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணு." தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது, அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முட்டை நாற்ற வாயு இருக்கிறதா என்று பார்ப்பதானால் அது இன்னும் அவசரம். திறந்து வைத்தாலே பறந்துவிடும், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் நல்ல பிள்ளையாகிவிடும்.

எங்கள் அறிக்கையில் டிடிஎஸ் லிட்டருக்கு 900 மில்லிகிராம் சொச்சம். இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500 குடிநீருக்கு 500 நல்லது என்கிறது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை ஒத்துக்கொள்கிறது. அதனால் அது பிரச்சினை இல்லை. அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், எங்களுடையதில் அதைப் போல நாலு மடங்கு. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்தது. அதாவது மனிதர் அல்லது விலங்கின் கழிவு கிணற்றில் கலக்கிறது. நான் பக்கத்து வீட்டு மதிலை முறைத்துக் கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் தூர் வாருகிற அண்ணன் ஒருவரை வரச் சொன்னோம். கிணற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. வந்தவர் அன்றைக்கு இறங்கவே இல்லை. மோட்டார் வயரை மெயினிலிருந்து கழற்றச் சொன்னார், மேலே போட்டிருந்த தகரத்தை எடுத்து இரவெல்லாம் திறந்து போடச் சொன்னார். மறுநாள் காலை, வேப்பங்குழையைக் கத்தையாகக் கட்டிக் கயிற்றில் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டினார், உள்ளே நிற்கும் காற்று கலையட்டும் என்று. பிறகு ஓர் அகல் விளக்கை வாளியில் வைத்து இறக்கினார். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டேன் என்றார். எரிந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆளும் இருந்தே ஆக வேண்டும் என்றார். கிணற்று வாயுவில் ஆள் மயங்கி விழுவதும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதும் வருடா வருடம் செய்தியில் வருகிறது. முட்டை நாற்ற வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதனால் "வாடை இல்லையே, இறங்கலாம்" என்பது பொய்க் கணக்கு. டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்துத் தண்ணீர் இறைப்பதும் அதே மாதிரி ஆபத்து, அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். நாங்கள் இரண்டு மின் மோட்டாரை வைத்து இறைத்தோம். இறைத்து முடித்து, அவற்றின் வயரையும் உருவிய பிறகுதான் அவர் இறங்கினார்.

உள்ளே இருந்து வந்ததைப் பட்டியல் போட்டால் சிரிப்பு வரும். ரப்பர் பந்து மூன்று, பிளாஸ்டிக் மக்கு, இற்றுப்போன வாளிக் கயிறு, கூடை கூடையாகக் கறுப்புச் சேறு. சேறு முழுக்க மட்கிய இலை, எங்கள் வீட்டுப் புங்க மரத்து இலை. ஒரு கூடையில் அத்தையின் பித்தளைச் சொம்பு இருந்தது. என் வீட்டுக்காரர் பள்ளியில் படிக்கும்போது கிணற்றில் விழுந்ததாம். பாதாளக் கரண்டி போட்டுத் தேடியும் கிடைக்காத சொம்பு. கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. அத்தை அதை வாங்கி முந்தானையில் துடைத்துப் பார்த்தார். கறுப்பு விடவில்லை.

அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து. "அம்மா, கொஞ்சம் எட்டிப் பாருங்க."

டார்ச் அடித்தார். மேலிருந்து எட்டாவது உறைக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில், பூச்சு விட்டுப்போன இடுக்கில், கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு கசிவு, விரல் அகலத்தில். சுற்றியுள்ள மற்ற உறைகள் காய்ந்து வெளுத்திருந்தன. "பக்கத்து வீட்டுக்காரங்க மேல சொன்னீங்களே. அவங்க வீடு அந்தப் பக்கம். இது உங்க கார் ஷெட் பக்கம்ல?"

கார் ஷெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அத்தைக்குத்தான் தெரிந்தது. எங்கள் பழைய செப்டிக் டேங்க்கும், அதன் பக்கத்தில் அடி கட்டாத உறிஞ்சு குழியும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்தபோது குழாயை அதில் இணைத்துவிட்டு, இதைக் காலி செய்யாமலே மேலே சிமென்ட் தளம் போட்டுவிட்டார்கள். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, அத்தனை வருடக் கசடும் கரைந்து கிணற்றுப் பக்கம் வந்திருக்கிறது. அளந்தோம். கிணற்றுக்கும் குழிக்கும் 18 அடி. குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு கிரவுண்டு என்பதே நாற்பதுக்கு அறுபது. அதில் வீட்டையும் கட்டி, 50 அடியை எங்கே போய் விடுவது? இந்தப் பகுதியில் பாதி வீடுகளின் நிலைமை இதுதான்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், அங்கே ஒன்றும் வரவில்லை. "அக்கா, அது எங்க குழிதான்" என்றேன். "உள்ள வா, டீ குடி" என்றார்.

தளத்தை உடைத்து, கழிவுநீர் லாரியை வைத்து உறிஞ்சி எடுத்தோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் குழிக்குள் ஆளை இறக்க, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டப்படியே தடை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கச் சொல்லக் கூடாது. காலியான பிறகு சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடினோம். கிணற்றின் மேல் பத்து உறைகளின் இணைப்பை உள்பக்கம் சிமென்ட் வைத்துப் பூசினோம். கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குத் தளமும் வாய்க்காலும் போட்டோம். தகர மூடிக்குப் பதில் கம்பி வலை. காற்றும் வெளிச்சமும் போகும், இலை விழாது.

இன்னொரு தப்பும் அப்போது கண்ணில் பட்டது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டை மாடிக் குழாயை மாமனார் நேராகக் கிணற்றுக்குள் விட்டிருந்தார். காக்கை எச்சம், புங்க இலை, தூசி எல்லாம் முதல் மழையோடு கிணற்றுக்குள் போய், அடியில் அழுகிச் சேறானது. சேற்றின் கதை அது. இப்போது ஜல்லி, கரி, மணல் போட்ட ஒரு தொட்டி வழியாகத்தான் மழைநீர் கிணற்றுக்குப் போகிறது. அதற்கு முன்னால் ஒரு வால்வு. வருடத்தின் முதல் இரண்டு மழையைத் தெரு வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு போட்டதுதான் உருப்படியான பிளீச்சிங் பவுடர். கணக்கு சொல்கிறேன். விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். எங்கள் கிணற்றில் 1.5 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர், ஏறக்குறைய 7,000 லிட்டர். வழக்கமான சுத்திகரிப்புக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும், அதாவது எங்களுக்கு 18 கிராம். தூர் வாரிய பிறகு முதல் தடவை மட்டும் கிணறு, தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்துக் கழுவ 1 கிலோ போட்டோம். வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல், குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, தண்ணீருக்கடியில் மேலும் கீழுமாக அலச வேண்டும். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து, மூடி, ஓர் இரவு விட்டோம். மறுநாள் முழுக்க இறைத்துக் கொட்டினோம், செடிகளுக்கு விடாமல். பவுடர் புதிதாக, காற்றுப் படாத பாக்கெட்டாக இருக்க வேண்டும். கழிவறை ஆசிட் பாட்டிலோடு ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் வரும் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. மண்ணில் ஊறியது ஊறியதுதான். பங்குனியில் சோதித்தபோது ஈ.கோலை இல்லை, அம்மோனியா பாதியாகியிருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து சோதித்தபோதுதான் அளவுக்குள் வந்தது. இன்னமும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. வெளியூர் போய் வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் யாராவது ஒருவர் போய்க் கீசர் தண்ணீரை வாளி வாளியாகத் திறந்து விட வேண்டும். அப்போது லேசாக முட்டை வாடை வரத்தான் செய்கிறது. கார்பன் ஃபில்டர் மாடியில் சும்மா கிடக்கிறது, வாங்க ஆளில்லை.

அந்த வால்வைத் திருப்புவது மட்டும் எனக்கு எப்போதும் மறந்துவிடும். போன ஐப்பசியில் விடிகாலை நாலரை மணிக்கு முதல் மழை. நான் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி அக்காவின் குரல்: "ஏம்மா, குழாயைத் திருப்பினியா? இல்ல, மறுபடியும் என் மேலதான் பழியா?"